கூரை மடிக்கிற கார்

ஒட்டுசுட்டான் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிவந்தான் தவயோகன்.
மொரிஸ் மைனர். கூரை மடிகிற வகை.
மடிவதற்குக் கூரை இருக்கவில்லை.
இரண்டு வளைகம்பி, கை வைத்த இடமெல்லாம் கறள்,
பின்சீற்றில் முழங்கால் உயரம் கறையான் புற்று.
கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னான். பெருக்கிப் பார்த்தேன்.
அந்தக் காசுக்கு
என் தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டியிருக்கலாம்.

முள்ளியவளையில் எங்கள் முற்றம்
அன்றோடு முற்றமில்லை.
சிரட்டை சிரட்டையாய் நட்டுகள்,
பால்மாப் பேணிக்குள் ஊறுகிற காபரேற்றர்,
உடுப்புக் கொடியில் என் பாவாடைக்குப் பக்கத்தில்
ஒரு வயர்ச்சுருள்.
இயல்நிலா பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினாள்:
எங்கள் வீட்டில் ஆறு பேர்.
அப்பா, அம்மா, நான், நாய், ஆடு, கார்.

கதவைத் தட்டி நிமிர்த்தும்போது
தகரத்துக்குள் ஏதோ கிலுங்கியது.
எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.
நட்டுகளோடு சிரட்டையில் போட்டுவிட்டு
சுத்தியலைக் கேட்டான்.
இரண்டு நாள் கழித்துத் தேடினேன், அது அங்கே இல்லை.

ஓட்டைகளை அவன் எண்ணவில்லை.
வெல்டிங் பிடித்தான், புட்டி பூசினான்,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்
தடவினால் தெரியாமல் ஆக்கினான்.
பதினொன்று.
இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஷம்பூப் போத்தலால் பெற்றோல் பீச்சி உசுப்பிவிட்டு
மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய கை அது.
கான் நிறையப் பெற்றோல் பக்கத்தில் இருக்க
முதல்நாள் ஸ்ராட் பண்ணும்போதும்
துளித் துளியாகத்தான் விட்டான்.
கார் இருமியது. செல்லக்கிளி வீட்டுக் கோழிகள்
வேலி தாண்டிப் பறந்தன.
அவ்வளவுதான் அன்றைக்கு.

"இனிக் கூரைதான்" என்று
பரணில் இருந்து அந்த நீலத் தறப்பாளை இழுத்தான்.
"தண்ணி விடாது."
விடும்.
எந்த மடிப்பால் விடும் என்று தெரியும்.
எந்த மூலையில் மழை தேங்கிப்
பானையாய்த் தொங்கும் என்று தெரியும்.
நடுச்சாமத்தில் எழும்பித் தடியால் குத்தி ஊற்றியவள் நான்.
"இதிலே என்ர ஊசி இறங்காது" என்றேன்.
வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன்.
ஆறு யார் கன்வஸ், கோப்பி நிறம்.
இரட்டைத் தையல்.
மூன்று ஊசி முறிந்தது. நான்காவது ஊசி
என் விரலைத் தைத்துவிட்டுத்தான் கூரையைத் தைத்தது.

மூன்றாவது வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
கூரையை மடித்து வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.
தண்ணீரூற்றுச் சந்தியில் ஆட்கள் பார்த்தார்கள்.
நான் மேலே பார்த்தேன்.
அவ்வளவு வானத்தை
இருந்தபடி பார்த்து எவ்வளவு காலம்.
சத்தம் ஏதும் வருகிறதா என்று காது
தன்பாட்டில் கூர்ந்தது. காற்றுத்தான்.
ஒரு மயில் றோட்டைக் கடந்தது,
ஹோர்ன் அடித்தும் அவசரப்படவில்லை.

காட்டுப்பக்கம் திரும்பவும் மழை.
கூரையை இழுத்தான். பாதியில் நின்றது.
உதைத்தான், கெஞ்சினான்,
என் இரட்டைத் தையலைக் குறை சொன்னான்.
பிறகு ஒன்றும் பேசாமல் டிக்கியைத் திறந்து
நீலத் தறப்பாளை எடுத்துவந்தான்.
வைத்திருந்திருக்கிறான்.

ஒரு முனை அவன் கையில், ஒரு முனை என் கையில்,
நடுக்கம்பமாக இயல்நிலாவின் தலை.
அதே மணம். பிளாஸ்ரிக்கும் புழுங்கிய மூச்சும்.
"அம்மா, இப்பிடியே ஒரு வீடு கட்டி
இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!"
நானும் அவனும்
ஆளையாள் பார்க்கவில்லை.

என் தலைக்கு மேல் மூலை கனத்துப்
பானையாய் இறங்கியது.
யோசிக்கவில்லை, கை தானாக எழும்பிக் குத்தியது.
அவ்வளவு தண்ணியும் அவன் பிடரிக்குள்.
"ஐயோ சீற்!" என்று கத்தினான்,
"நேற்றுத்தானே அடி நுரை மாத்தினனான்!"