வானிலை அனுமதித்தால்

படகு நேர அட்டவணையில்
நேராக நிற்கும் எண்கள் கட்டாயம் வரும்.
மெலிந்து சாய்ந்தவை ஞாயிறு மட்டும்.
தடித்தும் சாய்ந்தும் இருப்பவை
வானிலை அனுமதித்தால்.

இதுதான் சட்டம்.
எழுதியவள் சுன்னிவா,
துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்,
ஹீட்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவே.
நான் படகில் கயிறு வீசுகிறவன்,
எழுத்துருவெல்லாம் எனக்கெதற்கு?
ஆனால் அந்தத் தாள் என் தலைக்கு மேல்தான் ஒட்டியிருக்கிறது,
பதினோரு வருடமாக.

மெலிந்த சாய்வு காதோடு பேசும்.
தடித்த நேரெழுத்து அதட்டும்.
இது வேறு சாதி.
கனத்த கோட்டு போட்ட ஆள்
எதிர்காற்றில் குனிந்து நடக்கிற மாதிரி.
கோட்டு நுனிகளில் குட்டிக் கொக்கிகள்,
வழுக்கும் பாறையைப் பிடித்துக்கொள்ள.
கீழே குறிப்பு வரியில் ஓர் எஃப்
வரிக்குக் கீழே ஒற்றைக் காலை இறக்கித்
தண்ணீர் எவ்வளவு குளிர் என்று பார்க்கிறது.

மெனு அட்டையில் இதே எழுத்தைப் பார்த்திருக்கிறேன்,
அன்றைய மீனின் பெயருக்கு.
மருந்துப் புட்டியிலும்: குலுக்கிய பின் குடிக்கவும்.
எங்கும் அது சொல்வது ஒன்றுதான்:
கொஞ்சம் பொறு, இதைப் படி.

தீவிலிருந்து யோஸ்தைன் அலுவலகத்துக்குப் போன் செய்தான்.
'6.40 ஏன் இப்படி நிற்கிறது?'
'நிற்கவில்லை, நடக்கிறது' என்றாள் சுன்னிவா.
மறுநாள் 9.15 பற்றிக் கேட்டான்.
அதற்கடுத்த நாள்
அட்டவணையிலேயே இல்லாத ஒரு படகைப் பற்றி.

ஜனவரியில் ஒரு தவறு நடந்தது.
ஒரு விசை தப்பி
திங்கட்கிழமைப் பத்தி முழுவதும் தடித்துச் சாய்ந்துவிட்டது.
அன்று வானம் துடைத்த கண்ணாடி,
கொடிக்கம்பத்தில் துணி அசையவில்லை.
படகு போனது. துறையில் ஒரு நாய் மட்டும்.
பள்ளிக்கூட வாத்தியார் வரவில்லை,
தச்சன் வரவில்லை,
பல்வலிக்காரி கூட வரவில்லை.
வானிலையை யாரும் கேட்கவில்லை.
அதற்குப் பதிலாக அவர்களே
'அனுமதி இல்லை' என்று தீர்மானித்து
உறைந்த குளத்தில் சறுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

'போட்டிருந்ததே!' என்றார்கள் செவ்வாய்க்கிழமை,
காற்றுப்பட்டுச் சிவந்த மூக்குகளோடு.

சுன்னிவா திருத்திய தாளைக் கொண்டுவந்து
தானே ஒட்டினாள்.
6.40 நிமிர்ந்தது. 9.15 நிமிர்ந்தது. 13.05 நிமிர்ந்தது.
திங்கள் கடைசிப் படகு 16.50
சாய்ந்தபடியே இருக்கிறது.

காட்டினேன்.
'தெரியும்' என்றாள்.

இப்போது திங்கள்தோறும் 9.15க்கு அவள் தீவுக்கு வருகிறாள்,
அறிவிப்புப் பலகைகளைச் சரிபார்க்க.
இருப்பவை மொத்தம் இரண்டு பலகைகள்.

நேற்றும் திங்கள்.
அலையே இல்லை, கடல் தட்டில் ஊற்றிய பால்.
16.50க்குத் துறையில் யாரும் இல்லை.
பாறைமேல் மஞ்சள் வீட்டின் சமையலறையில் விளக்கு.
கேப்டன் என்னைப் பார்த்தார்.
நான் தலைக்கு மேலிருந்த தாளைப் பார்த்தேன்.

'வானிலை சரியில்லையாம்' என்று சொல்லிக்
கயிற்றை அவிழ்த்தேன்.