பேரேடு

வியாழன் இரவு பத்தேகால்.
யாசினின் ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால்
சித்ரான்னம், அறுபத்திரண்டு பொட்டலம்.
என் மடியில் நோட்டு.
நாகரத்னாவின் கால்களுக்கிடையே
மூடி இறுகாத தண்ணீர்க் கேன்;
டவுன்ஹால் சிக்னல் வருவதற்குள்
இரண்டு பேருக்கும் செருப்பு நனைந்துவிடும்.

சோற்றுக்கு முன்னால் பேர் கேட்க வேண்டும்
என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.
பேர் கேட்டுக் கொடுத்தால்
அது பிச்சை இல்லையாம்.
முதல் கூட்டத்தில் நான்தான் சொன்னேன்,
எல்லோரும் தலையாட்டினார்கள்.
இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கலாசிபாளையத்தில்
ஷட்டர் இறங்கிய டயர் கடை வாசலில்
அட்டை விரித்துப் படுத்திருப்பாள்.
முதல் வாரம் கனகாம்பாள் என்றாள்.
எழுதிக்கொண்டேன்.
அடுத்த வாரம் ரோஸ்மேரி.
"போன வாரம் வேற சொன்னீங்களே?"
"போன வாரம் வேற சோறு."

பிறகு பத்மாபாய், ஹசீனா.
மழை பிடித்த வியாழன் மேகலா.
கால் வீங்கியிருந்த வியாழன்
வெகுநேரம் யோசித்து
டீச்சரம்மா என்றாள்.
அதையும் எழுதினேன்.
ஒன்று ஆணின் பேர்.
முகத்தில் சிரிப்பு துளியும் இருக்காது,
கடையில் பில் போடுகிறவர்களைப் போலச் சொல்வாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
ஜெயநகர் மருந்துக்கடை சேட்டுக்குக் கணக்கு போக வேண்டும்.
பகலில் நான் ஒரு டிராவல்ஸில் கணக்கு எழுதுகிறவள்;
ஒரு பேர் ஓர் ஆள் என்று
கூட்டிப் பழகிய விரல்.
கூட்டினேன். பதினொரு பேர் அதிகம்.
அடிக்கப் பேனாவை எடுத்தேன்.
எந்தப் பேரை அடிப்பது?
எது அவள் இல்லை?

சேட் பதினொரு பேருக்கும் சேர்த்தே பணம் போட்டார்.
அதில் நகவெட்டி வாங்கினோம்.
நாப்கின் வாங்கினோம்.
பையைக் கம்பத்தோடு கட்டிவிட்டுத் தூங்க
சங்கிலியும் சின்னப் பூட்டுகளும்.
யாரும் வாய்விட்டுக் கேட்டிராத சாமான்கள்
அவளுடைய பொய்யின் வட்டியில்
ஆட்டோ ஏறின.

அவளிடம் சொன்னேன்.
பொட்டலத்தைப் பிரித்தபடியே
"பதினோரு பேரு உழைச்சா வராதா பின்னே?" என்றாள்.
அப்புறம், "உம் பேரு என்ன?"

இத்தனை மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி
என் பக்கம் திரும்பியதும்
வண்டி நம்பரைப் போலீஸ் குறித்துக்கொண்டதுபோல்
நெஞ்சு ஒரு தரம் இடறியது.
"முல்லைக்கொடி."
"கொடியா, கோடியா?"
"கொடி."
"கோடின்னே வச்சிக்கோ. காசு பத்தல உங்களுக்கு."

ஏதோ பெரிய மாநாடு நகரத்துக்கு வந்த வாரம்
நடைபாதை ஓரங்களுக்கு வெள்ளை அடித்தார்கள்.
டயர் கடை வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.
ஈரம்கூடக் காயவில்லை.
நோட்டில் பத்தொன்பது பேர்
ஒரே இரவில் இல்லை.

ஸ்டேஷனில் பேர் கேட்டார்.
திறந்து வாசித்தேன்.
ஏழாவது பேரில் பேனாவை மூடினார்.
"எத்தனை பேரும்மா காணோம்?"
"ஒருத்தர்தான் சார்."

மாகடி ரோடு காப்பகத்தின் ஆபீஸ் ஜன்னல்.
வேனில் வந்தவர்களின் பதிவேட்டை
பாதி மறைத்தபடி காட்டினார் கிளார்க்.
எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற கன்னடம்.
விரல் மெதுவாக இறங்கி
பதினான்காம் வரியில் நின்றது.
முல்லைக்கோடி.
தகப்பன் பேர் தெரியாது.
ஊர், டயர் கடை.

நீங்கள் இவருக்கு என்ன உறவு என்றார்.
நாகரத்னாவைப் பார்த்தேன்,
அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.
என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கிளார்க்
"ரெண்டும் ஒரே பேரா இருக்கே" என்று
உள்ளே ஆளை அனுப்பினார்.

வராந்தாவின் அந்தக் கோடியில்
யாரோ என் பேரை
நெடில் போட்டுக் கூப்பிட்டார்கள்.
நானும் எழுந்துவிட்டேன்.