துளை எண் நான்கு

மூக்கையூர்க் கரையில் நான்காவது துளை.
ஜெனரேட்டர் காலையிலிருந்து இருமுகிறது.
வரப்போகும் படகுத்துறைக்குக் கீழே
என்ன இருக்கிறதென்று பார்த்து எழுதுவது என் வேலை.
நாள் சம்பளம். பேனா சொந்தச் செலவு.

முதல் ஒன்றரை மீட்டர், மணல்.
குழாயைத் தட்டினால்
கிழிந்த சீனிச் சாக்குபோலக் கொட்டுகிறது.
ஒன்றை ஒன்று தெரியாது,
சாயல்குடி முதல் பேருந்தில் ஏறியவர்கள் மாதிரி.

பிறகு இரும்பு குரல் மாற்றியது.
ரிக் ஓட்டும் நைனார் பிச்சை
பீடியை எடுக்காமலே சொன்னார்:
"கல்லு."

கையில் வந்தது கல்தான்.
வெயிலில் திருப்பினால் இன்னும் மணல்தான்.
அதே பருக்கைகள், சிப்பிச் சில்லு,
ஒரு சங்கின் மூக்கு.
இப்போது ஓடிப்போகவில்லை,
அவ்வளவுதான்.

ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காய்கிற கரை இது.
பருக்கைகளின் இடுக்கில் புகுந்த நீர்
வெயிலுக்குப் போகும்போது
தன்னில் கரைந்திருந்த சுண்ணாம்பை
மீதிச் சில்லறையை மறந்தவனைப்போல
விட்டுவிட்டுப் போகிறது.
மறுபடி வருகிறது. மறுபடி மறக்கிறது.
வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும்
ஒரு வெற்றிலைக்குக் காணாது.
அதற்குள் இரண்டு பருக்கைகள்
பிடி கொடுத்துவிடுகின்றன.

ஒன்றே முக்கால் மீட்டரில், கல்லுக்குள்,
பச்சை நைலான் கயிறு. முடிச்சோடு.

பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய ஜெபமாலை
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
குனிந்து பார்த்தாள்.
"இது எங்க ஆளுக போட்ட முடிச்சில்ல.
தொண்டிப் பக்கம் இப்படித்தான் போடுவாக."
கல்லைப் பற்றி அவளுக்குக் கேள்வியே இல்லை.
சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுதினேன்:
மணற்கல், சிப்பிச் சில்லுடன். இடையே நைலான்.
பொறியாளர் தில்லைவனம்
கடைசிச் சொல்லை மட்டும் அடித்தார்.
கல் என்றால் வயசாகியிருக்க வேண்டும் அவருக்கு.
அந்தக் கயிறு
என்னைவிட இளையதாகக்கூட இருக்கலாம்.

ஆறு மீட்டருக்குக் கீழே களி.
கரும்பழுப்பு, வரி வரியாக.
கத்தியால் பிளந்தபோது
மழை நாளின் கண்மாய் வாசம் எழுந்தது,
உப்புக் காற்றின் நடுவே, ஒரு நிமிடம்.

குண்டாறு.
இப்போதெல்லாம் கமுதி தாண்டுவதே பெரும்பாடு.
ஒருகாலம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.
தடித்த வரி ஒரு பெருவெள்ளம்.
இழை மாதிரி ஓடுவது, நீர் அசையாமல் நின்ற நாட்கள்.
எந்த வரியும் இல்லாமல் போன வருஷங்களை
எப்படி எண்ணுவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இது இன்னும் கல்லாகவில்லை.
நகம் வைத்தால் வழிவிடுகிறது.
மேலே மணல், மணல்மேல் கடல், கடல்மேல் வள்ளங்கள்.
அத்தனை பாரமும் சேர்ந்து
உள்ளிருக்கும் ஈரத்தைச்
சொட்டுச் சொட்டாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.
அதற்கு அவசரம் கிடையாது.
எங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமைக்குள்
அறிக்கை போக வேண்டும்.

பதினோரு மீட்டரில் நிறுத்தச் சொன்னார்கள்.
மாதிரிகளைப் பெட்டியில் வரிசையாகப் படுக்கவைத்தோம்.
கயிறு இருந்த துண்டு
பெட்டி மூடாமல் இடித்தது;
நைனார் பிச்சை அதைத் திருப்பி வைத்தார்.

துளையை மணல் போட்டு மூடும்போது
என் பேனாவின் மூடி உள்ளே விழுந்தது.
குனிந்து பார்த்தேன், இருட்டு.
"போகட்டும், மூடுங்க" என்றேன்.

பதிவேட்டில் அதற்கும் பத்தி இல்லை.