கரி முந்தி, உப்பு பிந்தி

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
என் கடை ஒரு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன், இரண்டு மீட்டர்.

புதியது எண்ணில் பேசும்.
எதிலும் சேராத கம்பியிலும்
நாற்பது வோல்ட், அறுபது வோல்ட் என்று
பேயைப் பார்த்ததுபோல் உளறும்.

பழையது சான்வா.
வாலிநோக்கத்தில் உடைத்த கப்பலில் கிடைத்தது.
பேக்லைட் முதுகில் எவனோ
ஆணியால் இரண்டு எழுத்து கீறியிருக்கிறான்.
கீழக்கரைக் கடைக்காரர் மீன் தராசில் வைத்து
எடைக்குத்தான் கொடுத்தார்.

அதைப் படிக்க ஒரு கண்ணை மூட வேண்டும்.
அளவுக் கோடுகளுக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கீற்று.
முள்ளுக்குள் முள்ளின் பிம்பம் ஒளிந்தால்
அதுதான் அளவு.
இரண்டு முள் தெரிந்தால் தப்பு முள்ளில் இல்லை,
தலையை நகர்த்து.

இன்னொன்று.
ஓம்ஸில் திருப்பினால் சிவப்பு வயர் மைனஸ் ஆகிவிடும்,
கறுப்புதான் பிளஸ்.
முதல் வருடம் இது தெரியாமல்
நல்ல டயோடுகளை எல்லாம் திருப்பித் திருப்பி மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிச்சைக்கனி வந்தார்,
கோணிப்பையில் ஒரு ஜிபிஎஸ்.
குருசடைக்குத் தெற்கே
பாரில் ஏறிக் கிழிந்த படகினுடையது.

டிரைவர் மெல்கியோர் சொல்வது:
ராத்திரி ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு,
இருட்டுல எங்கிட்டுப் போக?
முதலாளி சொல்வது:
தூங்கிட்டான். மோதி, தண்ணி ஏறி,
அப்புறந்தான் செத்துச்சு.

"சங்கத்துல தாள் கேக்குறாங்க.
நீயே எழுதிக் குடு தாயி."

திறந்தேன். பச்சை. எங்கும் பச்சை.
பழைய ரேடியோ என்றால் வளையம் பார்த்தே சொல்வேன்,
பழுப்பு கறுப்பு ஆரஞ்சு, பத்தாயிரம் ஓம்.
இதிலோ ஒவ்வொன்றும் கடுகில் பாதி.
ஐசியின் பெயரை உப்பு தின்றிருந்தது,
கெப்பாசிட்டருக்குப் பிறக்கும்போதே பெயர் இல்லை.

ஆகவே தொட்டுத்தான் கேட்க வேண்டும்.
முள் துள்ளி எழுந்து மெல்லப் படுத்தால்
கெப்பாசிட்டர்.
ஒரு பக்கம் மட்டும் வழிவிட்டால் டயோடு.
இரண்டு பக்கமும் வழிவிட்டால்
செத்த டயோடு.

வாசலிலேயே இருந்தது அது,
பேட்டரி வயர் நுழையும் இடத்தில்.
பக்கத்தில் ஃப்யூஸ்: முள் அசையவே இல்லை.

டைனமோ துள்ளியிருக்கலாம்.
யாரோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம்.
ரெண்டுக்கும் ஒரே பிணம்.
எப்போது என்றும் மீட்டர் சொல்லாது,
பழையதும் சரி, புதியதும் சரி.

லென்ஸை வைத்து நகத்தால் சுரண்டினேன்.
பச்சை உதிர்ந்தது. அடியில் கரி.
கரியைச் சுரண்டினேன்.
அடியில் சுத்தமான போர்டு.
ஒரு பரல் உப்புகூட இல்லை.

ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
எரிந்தது முதலில். தண்ணீர் பிறகு.

பிச்சைக்கனி இரண்டு முறை படித்தார்.
"ஏன் எரிஞ்சுச்சுன்னு எழுதலையே?"
"தெரியலையே."
இருநூறு கேட்டேன். நூற்றைம்பது வைத்துவிட்டுப் போனார்.

படகு ஒட்டி முடிக்க மாதம் ஒன்றாயிற்று.
புது ஜிபிஎஸ்ஸோடு மெல்கியோரே வந்தான்.
வேலை முடியும்வரை
வாசலில் நின்று பஸ்களை எண்ணினான்.
தாளைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும்.

பழைய படகில் இரண்டு தனி வயர்,
முறுக்கி டேப் சுற்றியது.
யார் கையும் இருட்டில் மாற்றலாம்,
தெரியாமலும் மாற்றலாம்.
இதற்கு ஒரு பக்கம் மட்டும் நுழையும்
பிளக் வைத்தேன்.

வாங்கியதும் அவன் முதலில் செய்தது
அதைத் தலைகீழாக நுழைத்துப் பார்த்ததுதான்.
நுழையவில்லை.

"நல்லதுக்கா" என்றான்.
நான் சான்வாவை ஆஃபில் திருப்பினேன்.