பை அனுமதி

கையில் கொண்டுபோகும் பை
கண்ணாடிபோல் தெரியவேண்டும்,
ஒரு சாணுக்கு மேல் அகலம் கூடாது
என்று சீட்டின் பின்பக்கம் போட்டிருந்தது.
வயிற்றில் ஒட்டியிருக்கும் பையைப் பற்றி
ஒன்றும் இல்லை.

வின்னிபெக்கிலிருந்து அரைமணி நேரம்.
ஜூலை வெயில், புல்வெளி,
கால் வைத்த இடமெல்லாம் நுளம்பு.
வாசலில் நின்ற பொடியனுக்குப் பதினெட்டு இருக்கும்.
என் பொதியை மேசையில் கவிழ்த்தான்:
ஆறு மாற்றுப் பைகள், பசை வளையம்,
ஈரத்துணி, முனை வளைந்த கத்தரிக்கோல்.
கத்தரிக்கோல் உள்ளே போகாது என்றான்.
துளை வெட்டத்தான் என்றேன்.
எதில்?

சட்டையைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம்.
தூக்கவில்லை.
வைத்தியரின் கடிதத்தை நீட்டினேன்.
இரண்டாவது வரியில் அவன் காது சிவந்தது.

டெல்ஃபின் என்று சட்டையில் பெயர் குத்திய
தொண்டர் ஒருவர் வந்து
ஊதாப் பட்டி ஒன்றை என் மணிக்கட்டில் இறுக்கினார்.
இனி எந்தக் கழிவறை வரிசையிலும்
நான் நிற்கத் தேவையில்லையாம்.
பதின்மூன்று வயதில் கிடைத்திருக்கவேண்டிய வரம்.
கணக்குப் பாடத்தின் நடுவில் கையுயர்த்தி,
உயர்த்தி,
உயர்த்தி...

பட்டியைக் காட்டி முன்னால் போனேன்.
நல்லாத்தானே நடக்கிறாய் என்றாள்
வரிசையில் நின்ற ஒருத்தி.
ஓம். நல்லாத்தான் நடக்கிறேன்.
வெட்டியது காலை இல்லை.

எங்களுக்கென்று தனியாக ஒரு மரத்தட்டு
கூட்டத்துக்கு மேலே அரை ஆள் உயரத்தில்.
இடப்பக்கம் சக்கர நாற்காலியில் ஒரு கோதுமைக்காரர்,
தொப்பியில் உழவு யந்திரக் கம்பெனியின் பெயர்.
வலப்பக்கம் தங்கை சாம்பவி,
வெறுங்காலோடு, வாயில் ஐஸ்பழம்.

என் வயிற்றுத் துளைக்கு நான் வைத்த பெயர் வாயாடி.
யாரும் கேட்காமல் பேசும்.
வயலின்காரி வில்லைக் காற்றில் நிறுத்த
மூவாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடத்தில்
பேசியது.
நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு.
கையால் பொத்தினேன்.
பொத்தினால் சுருதி கூடும், அவ்வளவுதான்.

கோதுமைக்காரர் திரும்பிப் பார்த்து,
பசியாக்கும் என்று நினைத்து,
உருளைக்கிழங்குப் பொரியல் பெட்டியை நீட்டினார்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாயாடி முந்திக்கொண்டது.
இரண்டு துண்டு எடுத்தேன்.
சோளப்பொரி என்றால் தொட்டிருக்கமாட்டேன்,
அது அடைத்துவிடும்.

பிறகு பறைபோல் ஏதோ ஒன்று அதிர
மரத்தட்டு அதிர்ந்தது, பொரியல் பெட்டி அதிர்ந்தது,
பையும் அதிர்ந்தது, தோலோடு தோலாக.

ஒரே ஒரு பாட்டுக்காக வந்திருந்தேன்.
ஆஸ்பத்திரியில் பதினொரு இரவு
காதை விட்டு இறக்காத பாட்டு.
அதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது
பை நிரம்பிவிட்டது.
எனக்குத் தெரியும் அந்தப் பாரம்:
அடுத்த பாட்டு வரைக்கும் தாங்காது.

ஓடினோம்.
நீலப் பிளாஸ்டிக் பெட்டி. பூட்டு உடைந்திருந்தது.
சாம்பவி வெளியே கதவில் முதுகைக் கொடுத்து நிற்க
நான் உள்ளே கைபேசியைப் பல்லில் கவ்வி
அந்த வெளிச்சத்தில் மடிப்பை அவிழ்த்தேன்.
ஒரு நுளம்பு. இன்னொரு நுளம்பு. அடிக்க ஏது கை?

தொடங்கிவிட்டது.
மெல்லிய சுவர் மெட்டை அப்படியே உள்ளே விட்டது,
சொற்களை மட்டும் வாசலில் மறித்துவிட்டு.
எனக்குச் சொற்கள் பாடம்.

அக்கா, லைற் எல்லாம் நூத்திட்டினம்.
ம்.
அக்கா, அவ சப்பாத்தைக் கழட்டி எறியிறா.
ஆருக்கு?
தெரியேல்லை, கூட்டத்துக்கு.
அக்கா, எல்லாரும் கையைத் தூக்கீனம்,
நானும் தூக்கட்டோ?

கதவை விடாதை என்றேன்,
வாயில் வெளிச்சத்தோடு,
அவளுக்கு என்ன கேட்டதோ.

ஒரு கையைத்தான் தூக்கினவளாம்.