மூவாயிரத்து அறுநூறு

குந்துகால் பக்கம் மூடிப்போன விடுதியை ஏலம் விட்டார்கள்.
கட்டில்களை ராமநாதபுரத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.
புல்வெட்டி நாலும் எங்களுக்கு விழுந்தன.
லாரித் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்லாம்.
முதலில் புல் செத்தது,
பிறகு விடுதி.

கத்திகளைக் கழற்றினோம்.
மீன் வண்டிச் சக்கரம், ஐஸ் பெட்டி மூடியில் ஓர் இருக்கை.
எனக்கொன்று, அசனாருக்கொன்று,
மூக்கையூர் முனியராஜுக்கொன்று.
நாலாவது உதிரிக்கு.

ஆறு சிலிண்டர் படகு எஞ்சினுக்குள்
தோள்வரை கை விடுகிறவள் நான்.
இதன் பிஸ்டன் என் உள்ளங்கையில்
டீ கிளாஸ் மாதிரி நின்றது.

இந்தக் கரையில் உப்புக்குத் தெரியாத துவாரம் கிடையாது.
கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளை வண்டல்.
ஜெட்டின் துளை மயிரளவு, அதற்குள்ளும் ஒரு பரல்.
ஊசி விட்டால் ஓட்டை பெருத்துவிடும்.
தங்கூசி இழை ஒன்றை விட்டு
மெல்ல ஆட்டினேன்,
மீன் தொட்டால் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

ஹெட்டை இழைக்கக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாள்.
உப்பு எங்களுக்குச் செய்த ஒரே நல்லது அந்தப் பெயர்தான்.
எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்த்தேன்.
லைசென்சுக்குக்கூட இத்தனை எட்டுப் போட்டதில்லை.

அப்புறம் கவர்னர்.
விரல் நுனியில் நிற்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம்.
நிமிஷத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்று,
அதற்குமேல் போகாதே என்று
உள்ளே இருந்து கையைப் பிடிப்பது.
அலுமினிய ராடு அதன் பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளை.
கழற்றிப் பல்பொடி டப்பாவில் போட்டேன்.

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
வேதாளைக்கு மேற்கே, காய்ந்து வெடித்த உவர்த்தரையில்
இரண்டு நீல டிரம், பத்துச் சுற்று.
போகும்போது கச்சான் முகத்தில் மண்ணை அறையும்,
வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும்.
படகு வேலையற்ற முந்நூறு பேர்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்கள்.

ஆறு சுற்றுவரை அசனார்தான்.
ஏழில்
ஒரு சத்தம், தேங்காய் உடைத்த மாதிரி.
அவன் எஞ்சினின் விலாவில் ஓட்டை,
ஓட்டையில் பாதி ராடு,
வெந்த எண்ணெய் நாற்றம்.
நான் தாண்டிப் போனேன். முன்னால் யாருமில்லை.

ஒன்பதாவது சுற்றின் திருப்பத்தில் எனக்கும் ஒரு ‘டக்’.
காது கேட்கவில்லை,
உட்கார்ந்த இடம் கேட்டது.
இன்னும் ஒரு சுற்று.
கேட்காத மாதிரி ஓட்டலாம்.
படகுக்காரர்கள் அப்படி ஓட்டிவிட்டுத்தானே
கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.
கையை எடுத்தேன்.
முனியராஜ் டாட்டா காட்டிக்கொண்டு போனான்.
“ஜெனோவாக்கா தூங்கிட்டாங்க” என்று எவனோ கத்தினான்.

ராத்திரி எண்ணெயை இறக்கினேன்.
எனாமல் தட்டில், கறுப்புக்குள்
சூடைமீன் செதில் போல அலுமினியப் பொடி.
ராடு போல்ட் அரைச்சுற்று தளர்ந்திருந்தது.
அரைச்சுற்றுதான்.
கிராங்கில் நகம் பட்ட மாதிரி ஒரு கோடு.

செல்போன் வெளிச்சத்தோடு அசனார் வந்தான்.
“நாலாவதுல ராடு இருக்குல்ல?”
இருந்தது. ஒன்றே ஒன்று.
அதன் சிலிண்டரை உப்பு தின்றிருந்தது, ராடு தேறும்.
அவனுடைய கிராங்கில் கீறல் இல்லை.
என்னுடைய பிளாக்கில் ஓட்டை இல்லை.
இருவரும் சாமான்களைச் சாக்கில் பரப்பினோம்.
யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

அவன் வெளிச்சம் பிடித்தான், நான் முறுக்கினேன்.
டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு
“இதையும் போட்டுடுவமா?” என்றான்.
பல்பொடி அப்பி, ரோஸ் நிறத்தில் கிடந்தது பல்சக்கரம்.

“இரு, இந்த போல்ட் முடியட்டும்” என்றேன்.