ஐந்தரை

மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து
ஐந்திருக்கும், ஆறும் இருக்கலாம் என்றார்.
அதற்குமேல் சொல்ல அந்த வாயில் ஒன்றுமில்லை.
ஆகவே மெழுகுவத்தி விஷயத்தில்
வீட்டில் இரண்டு கட்சி.
இக்னாசியாவுக்கு ஆறு.
பல்தசாருக்கு ஐந்து, ஏனென்றால் அவனுக்கும் ஐந்து.
கடைசியில் ஒன்றை ஒடித்து
ஐந்தரை என்று சமரசம்.

தேதியும் அப்படித்தான்.
பிறந்த நாள் யாருக்கும் தெரியாததால்
வந்த நாளையே பிறந்த நாளாக்கினார்கள்.
ஜூன் பதினேழு. மழை.
நூற்று நாற்பத்திரண்டு படி
என் பின்னாலேயே ஏறி வந்தது.
நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம்
வேறெங்கோ போகிற மாதிரி
ஒரு சுவரை மோந்தது.
வால்பரைசோ நாய்கள் யாரையும் கெஞ்சுவதில்லை,
ஆளைத் தேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.
வால் சுருண்டிருந்ததால் தொர்னியோ,
திருகாணி.
நிமிர்த்த யாரும் முயலவில்லை.

இன்று விடியலில்
துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கி வந்தால்
வீடு முழுக்க ஈரல் வெந்த வாசனை.
ஹிமேனா ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு
குளிருக்குக் கோட்டு போட்டுக்கொண்டு
ஈரலையும் பூசணியையும் பிசைந்துகொண்டிருந்தாள்.
மேலே பூச உருளைக்கிழங்கு மசியல்,
உப்பில்லாமல்.
"என் நாற்பதுக்குக் கடை கேக்தானே வாங்கினாய்," என்றேன்.
"நீ வாலாட்டவில்லையே," என்றாள்.

நாலு மணிக்கு விருந்தாளிகள்.
எதிர்வீட்டு அமாரோ, அவன் அக்கா ரயேன்.
பரிசு, அவர்கள் அப்பாவின் ஒற்றைச் செருப்பு.
அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
கீழ்வீட்டுப் பூனை அழைக்காமலே வந்து
குளிர்சாதனப் பெட்டிமேல் உட்கார்ந்தது.
தொர்னியோவுக்குக் காகிதக் கிரீடம்,
ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே.
நாற்காலியில் ஏறி உட்கார்ந்து
கேக்கையும் எங்கள் முகங்களையும்
மாறி மாறிப் பார்த்தது,
கணக்கு எங்கோ உதைக்கிற மாதிரி.

நான் தீக்குச்சியை உரசினேன்.

அந்தச் சின்னச் சத்தம்தான்.
நாற்காலி காலி.
கிரீடம் தரையில் ஒரு சுற்று சுற்றி நின்றது.

கட்டிலுக்கடியில் சுவரோடு சுவராக இருந்தது.
நடுக்கம் பலகை வழியே
என் முழங்காலுக்கு வந்தது.
அதன் பாதங்களில் மயிர் முளைக்காத இடங்கள் உண்டு,
இளஞ்சிவப்பாய், வழவழவென்று.
பிறவியிலேயே அப்படி என்று
பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தோம்.
அது வந்த வருஷத்துக் கோடையில்தான்
மேல்குன்று எரிந்தது.
இக்னாசியா கட்டிலுக்கடியில் தலையை விட்டு
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்து போய்
தீப்பெட்டியைக் கழுவுதொட்டியில் போட்டு
குழாயைத் திறந்தாள்.
இன்னொரு பெட்டி எங்கே என்று கேட்டாள்.
அதையும் போட்டாள்.

கேக்கைத் தட்டோடு தூக்கி வந்து
கட்டிலருகே தரையில் வைத்தார்கள்.
நாலு பேரும் குப்புறப் படுத்தார்கள்.
"இப்ப ஊதணும்," என்றான் பல்தசார்.
"எரியவே இல்லையே," என்றான் அமாரோ.
"அதான் நல்லது. சீக்கிரம் அணையும்."
ஊதினார்கள்.
உருளைக்கிழங்கில் எச்சில் தெறித்தது.
வாழ்த்துப் பாட்டை ரயேன்
ரகசியம் சொல்கிற குரலில் ஆரம்பித்தாள்,
மற்றவர்களும் அதே குரலில்.
கூப்பிடும் வேலை பாட்டில் இல்லை.
யாரும் கையை நீட்டவில்லை.

முதலில் மூக்கு வந்தது.
வெகுநேரத்துக்கு மூக்கு மட்டும்.
பிறகு நாக்கு,
பிறகு நாங்கள் யாரும் அங்கே இல்லை என்பதுபோல
முழு நாயும்.

பூனைக்கும் ஒரு துண்டு போனது.
செருப்புக்கு அன்றே ஆயுள் முடிந்தது.
இரவு வேலைக்குக் கிளம்பும்போது
வாசலில் நின்று சிகரெட்டை எடுத்தேன்,
பையில் நெருப்பில்லை,
திரும்ப உள்ளே வைத்தேன்.

வீட்டுக்குள் தேடல் நடந்துகொண்டிருந்தது.
தட்டில் ஐந்து மெழுகுவத்தி இருந்தன,
ஒடித்த பாதியைக் காணோம்.
ஹிமேனா மருத்துவருக்குப் போன் செய்தாள்.
தின்றிருந்தாலும் பயமில்லை,
நாளைக்கு வெளியே வந்துவிடும் என்றாராம்.

"அப்போ அஞ்சுதான்," என்றான் பல்தசார்.